இசைக்குயிலுக்குத் தூக்கம் வருகிறது

சுதர்சனா அம்மாள் காரை விட்டு இறங்கும்போதே தமிழினிக்குத் தெரிந்துவிட்டது, இவருக்கு இப்போது தேவை தூக்கம்தான் என்று.

அவருக்கு மாலை போட்ட தலைமையாசிரியர் தாண்டவராயனுக்கு அது தெரியவில்லை. பொன்னாடை போர்த்தியவர்களுக்கும் தெரியவில்லை. அவர்கள் எல்லாரும் சுதர்சனா அம்மாளின் சிரிப்பைப் பார்த்தார்கள். தமிழினி மட்டும் அவருடைய கண்களைப் பார்த்தாள்.

களைத்த கண்கள் தமிழினிக்குப் பழக்கம். அவளுடைய அம்மா கலைமதி அரசு மருத்துவமனையில் நர்ஸ். இரவு வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வருவார். “டயர்டா இருக்குதாம்மா?” என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்பார். சொல்லிவிட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தலைவாரப் போவார்.

அதனால் தமிழினிக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ரொம்பக் களைத்துப் போனவர்கள் அதை வெளியே சொல்லவே மாட்டார்கள்.

சுதர்சனா அம்மாள் செஞ்சியில் பிறந்தவர். அவருடைய அப்பா இங்கே நெல் மண்டி வைத்திருந்தார். மகள் சின்ன வயதிலேயே சென்னைக்குப் போய், இசையைப் பற்றிப் படித்துப் பெரிய பேராசிரியர் ஆகிவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, இப்போதுதான் சொந்த ஊருக்கு வருகிறார். அவருக்குப் பள்ளியில் பாராட்டு விழா.

ஊரெல்லாம் பேனர் வைத்திருந்தார்கள். ‘செஞ்சியின் இசைக்குயில் டாக்டர் சுதர்சனா இன்று மாலை பாடுகிறார்! அனைவரும் வாரீர்!’ பேனரில் அவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குயில் படமும் இருந்தது. உற்றுப் பார்த்தால் அது காக்கை என்று தெரியும்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கடவுள் வாழ்த்துப் பாடும் குழுவில் இருந்தார்கள், தமிழினியைத் தவிர. ஒத்திகையின்போது பாட்டு டீச்சர் அவள் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு மெதுவாக, “நீ வாய மட்டும் அசைம்மா. சத்தம் வேணாம்” என்றார். வாயை மட்டும் அசைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு அவள் ஒத்திகைக்கே போகவில்லை.

தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

“மேடம் கூடவே இரு. கேட்டா தண்ணி குடு. தொணதொணன்னு பேசாத. புரியுதா?”

“புரியுது சார்.”

முதலில் எல்லாரும் கோட்டைக்குப் போனார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகள் இரண்டும் வெயிலில் அடுப்பைப் போலக் கொதித்துக்கொண்டிருந்தன. மலையடிவாரத்தில் சுதர்சனா அம்மாளை நடுவில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பெரியவர்களோடு ஒன்று, சிறியவர்களோடு ஒன்று. போட்டோ எடுத்தவரே ஓடி வந்து நின்றுகொண்டு ஒன்று. ஒரு குரங்குகூட மதில்மேல் வந்து உட்கார்ந்து ஒரு படத்தில் விழுந்துவிட்டது.

“மேடம், கோட்டை பேக்ரவுண்டுல ரெண்டு வரி பாடுங்களேன்” என்றார் ஒருவர், போனைத் தூக்கிப் பிடித்தபடி.

“இருக்கட்டும்ப்பா” என்று சிரித்தார் சுதர்சனா அம்மாள்.

கடைத்தெருவில் பூக்கடைக்காரர், “ஒரே ஒரு வரி” என்று கேட்டார். பள்ளி வாசலில் பாட்டு டீச்சர், “ஒரு சின்ன ஆலாபனை மேடம்” என்று கேட்டார். சாப்பாட்டுப் பந்தியில், வாயில் சோறு இருக்கும்போதே ஒருவர் கேட்டார்.

“ஈவினிங்தான் பாடப் போறாங்களே! அவசரப்படாதீங்க!” என்றார் தாண்டவராயன் பெருமையாக.

சுதர்சனா அம்மாள் சாம்பாரில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். சாப்பிட்டது மிகவும் கொஞ்சம். தமிழினி தண்ணீரை நீட்டினாள். அவர் வாங்கி, குடிக்காமல் மூடிய கண்மேல் ஒற்றிக்கொண்டார்.

பந்தி முடிந்ததும் தமிழினி தலைமையாசிரியரிடம் ஓடினாள்.

“சார், மேடத்துக்குத் தூக்கம் வருது சார்.”

“அவங்க சொன்னாங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம்? இன்னும் நாலு வீட்டுல கூப்பிட்டிருக்காங்க, போகணும். கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து வேற ஆள் வராங்க. போ, போய்க் கூட இரு.” அவர் காலையிலிருந்து உட்காரவே இல்லை. ஒரு கையில் போன், இன்னொரு கையில் ஒரு பொன்னாடை. அதை யாருக்குப் போர்த்தக் கொண்டுவந்தோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது போலிருந்தது.

தமிழினி திரும்பி வந்தபோது சுதர்சனா அம்மாள் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

“கரண்ட் இல்ல மேடம். மோட்டார் ஓடல. மூஞ்சி கழுவணுமா?”

“ஆமா கண்ணு. கண்ணெல்லாம் எரியுது.”

“எங்க வீடு எதிர்த் தெருதான். குடத்துல தண்ணி இருக்குது. வரீங்களா?”

சுதர்சனா அம்மாள் ஒரு முறை பள்ளிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தமிழினியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

தமிழினியின் வீடு ஒரே அறை, ஒரு சமையலறை. அறையில் ஜன்னலுக்குச் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. கட்டிலில் கலைமதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா. நைட் டூட்டி” என்று தமிழினி கிசுகிசுத்தாள்.

சுதர்சனா அம்மாள் சத்தம் வராமல் முகம் கழுவினார். துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டார். தரையில் ஒரு பாய் விரித்திருந்தது. தமிழினி பாடம் படிக்கும் பாய்.

“ஒரு நிமிஷம் உக்காரட்டுமா?” என்று அவரும் கிசுகிசுத்தார்.

உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தார். தமிழினி தலையணையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தூங்கிவிட்டார்.

தமிழினி அவருடைய தலையைத் தாங்கி மெல்லத் தலையணையில் வைத்தாள். இரண்டு பேரின் மூச்சும் மாறி மாறிக் கேட்டது. அவள் வாசலுக்கு வந்து கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, படியில் காவலுக்கு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் வகுப்புத் தோழி நிலா ஓடி வந்தாள்.

“ஏய், மேடம் எங்க? எச்.எம். சார் தேடுறாரு!”

“மூஞ்சி கழுவ வந்தாங்க. போய்ச் சொல்லு.”

நிலா போனாள். மறுபடியும் வந்தாள்.

“இன்னுமா கழுவுறாங்க?”

“கத்தாத. கொஞ்ச நேரம் ஆகும்.”

நிலா போய் மறுபடியும் வந்தாள். இந்த முறை மூச்சு வாங்கியது. “எச்.எம். சார் கேக்கறாரு, மூஞ்சி இன்னா அவ்ளோ பெருசான்னு!”

தமிழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். “தூங்கறாங்கன்னு சொல்லு, நிலா. உண்மையச் சொல்லு.”

இப்போது தாண்டவராயனே வந்தார். தெருமுனையிலேயே, “தமிழினீ!” என்று குரல் கேட்டது. தமிழினி எழுந்து நின்று உதட்டில் விரலை வைத்தாள். ஒரு தலைமையாசிரியரைப் பார்த்து ‘உஷ்’ என்று காட்டுவது இதுதான் முதல் முறை.

“எங்க மேடம்?”

அவள் கதவை லேசாகத் திறந்து காட்டினாள்.

தாண்டவராயன் எட்டிப் பார்த்தார். கட்டிலில் ஒரு நர்ஸ். பாயில் ஒரு பேராசிரியர். இரண்டு பேரும் வாயைக் கொஞ்சம் திறந்தபடி, குழந்தைகளைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“நாலு வீட்டுலயும் காத்துட்டிருக்காங்களேம்மா” என்றார். அவர் குரலும் தானாகவே சின்னதாகிவிட்டது.

“சார், அவங்க தானா எழுந்தா ஒரு வாரத்துக்குப் பேசுவாங்க. இப்ப எழுப்புனா அழுதுடுவாங்க. எங்கம்மாவும் அப்டிதான்.”

தாண்டவராயன் யோசித்தார். யோசிப்பதற்காகப் படியில் உட்கார்ந்தார். வெகு நேரத்துக்குப் பிறகு கிடைத்த உட்காரும் இடம். வேப்பமரக் காற்று வேறு வீசியது. அவர் ஒரு வீட்டுக்குப் போன் செய்து, “மேடம் வர லேட் ஆகும்” என்றார். இன்னொரு வீட்டின் எண்ணைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். தமிழினி திரும்பிப் பார்த்தபோது, தூணில் தலையைச் சாய்த்து அவரும் தூங்கிவிட்டிருந்தார்.

இப்போது தமிழினி மூன்று பேருக்குக் காவல்.

வெயில் இறங்கியபோது உள்ளே பாய் சரசரத்தது. தமிழினி போய்ப் பார்த்தாள். சுதர்சனா அம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தார். இருவரும் சமையலறைக்குப் போனார்கள். தமிழினி டீ போட்டாள்.

“ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?”

“தேவையான அளவு தூங்குனீங்க மேடம்.”

அவர் சிரித்தார். காலையில் சிரித்த சிரிப்பு வேறு, இது வேறு. ஒரு மிடறு டீ குடித்தார். பிறகு அந்தச் சிரிப்பு மறைந்துவிட்டது.

“மணி என்ன? விழா ஆரம்பிச்சிடுமே” என்றார். தம்ளரைக் கீழே வைத்தார். “வந்திருக்கவே கூடாது.”

“ஏன் மேடம்? பாடறதுக்குத் தொண்ட சரியில்லையா?”

சுதர்சனா அம்மாள் அவள் பக்கம் குனிந்தார்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டியா?”

“மாட்டேன்.”

“எனக்குப் பாடவே வராது.”

தமிழினிக்குக் கையில் இருந்த கரண்டி நழுவியது. பிடித்துக்கொண்டாள்.

“ஆனா பேனர்ல...”

“அதைப் பாத்ததுலேர்ந்து எப்படா திரும்பிப் போவோம்னு இருக்குது. நான் பாடகி இல்ல கண்ணு. ஆராய்ச்சி பண்ணறவ. பாட்டு கத்துக்கப் போன மொத நாளே வாத்தியார் எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாரு, இந்தப் பொண்ணுக்குக் குரலே இல்லன்னு. நான் மூலையில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். இந்தப் பாட்டு ஏன் இப்படி வளையுது, அந்தப் பாட்டு எந்த ஊர்லேர்ந்து வந்துச்சுன்னு கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தேன். அதுவே என் வேலையாயிடுச்சு. ஊர் ஊராப் போய்ப் பாட்டுங்களத் தேடி ஒரு ராக அகராதி எழுதினேன். வாழ்க்கை முழுக்க அதுதான். இங்க யாரும் அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. பாடு, பாடுன்னே கேக்கறாங்க. இல்லன்னு சொல்லிச் சொல்லியே அலுத்துப் போச்சு.”

தமிழினி அடுப்பை அணைத்தாள். “என்னையும் வாய மட்டும் அசைக்கச் சொன்னாங்க” என்றாள்.

“அப்படியா? எங்க, கொஞ்சம் பாடு.”

தமிழினி இரண்டு வரி பாடினாள். சுதர்சனா அம்மாள் கண்ணை மூடிக் கேட்டார்.

“ஆமா” என்றார் யோசித்துவிட்டு. “சுருதி சேரலதான்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். யாரும் சமாதானம் சொல்லாதது தமிழினிக்கு நிம்மதியாக இருந்தது.

“அடக் கடவுளே!” என்று வாசற்பக்கம் ஒரு குரல் கேட்டது. தாண்டவராயன் விழித்துவிட்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“மேடம், தப்பு என் மேலதான். இசைல டாக்டர்னா பாடுவாங்கன்னு நானே நெனச்சுக்கிட்டேன். கேக்கல. ஊரெல்லாம் ஆட்டோல மைக் கட்டிச் சொல்லிட்டேன். தளவானூர்லேர்ந்துகூட ஜனங்க வந்துட்டாங்க. ஹால் ரொம்பிடுச்சாம். இப்ப பாட்டு இல்லன்னு எப்டி மேடம் சொல்றது?”

டீ ஆறிக்கொண்டிருந்தது.

தமிழினி மெதுவாகக் கேட்டாள். “மேடம், யாராவது ஒரு பாட்டு பாடுனா, அது இன்னா ராகம், எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீங்க சொல்லிடுவீங்களா?”

“சொல்லப் பாப்பேன்.”

“அப்ப நீங்க எதுக்குப் பாடணும்? ஜனங்க பாடட்டும். அது இன்னா பாட்டுன்னு நீங்க சொல்லுங்க.”

சுதர்சனா அம்மாள் தம்ளரை மறுபடியும் கையில் எடுத்தார். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

ஹாலில் உட்கார இடமில்லை. சுவரோரம் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். தாண்டவராயன் மைக் முன்னால் நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொன்னார். மேடம் பாடகி இல்லை, பாட்டுகளைப் படித்தவர் என்றார். பேனர் தன்னுடைய தவறு என்றார். யார் வேண்டுமானாலும் வந்து, வீட்டில் பாடும் பாட்டு எதையாவது பாடலாம் என்றார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. “பாட்டு கேக்க வந்தா நம்மளப் பாடச் சொல்றாரே!” என்றது ஒரு குரல். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் வெளியே போகச் செருப்பைத் தேடினார்கள். மேடையில் சுதர்சனா அம்மாள் மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தார். காலையில் இருந்த களைப்பு மறுபடியும் அவர் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

தமிழினி பாட்டு டீச்சரைப் பார்த்தாள். கடவுள் வாழ்த்துக் குழுவைப் பார்த்தாள். யாராவது போவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் போகவில்லை.

தண்ணீர் பாட்டிலை நிலாவின் கையில் கொடுத்துவிட்டு மேடை ஏறினாள். மைக் அவளைவிட உயரமாக இருந்தது. தலையைத் தூக்கிக்கொண்டு, சின்ன வயதில் அம்மா பாடிய தாலாட்டைப் பாடினாள்.

“ராசகிரி தூங்குது ராரிராரோ...
கிஷ்ணகிரி தூங்குது ராரிராரோ...
கொரங்குக் குட்டி தூங்குது ராரிராரோ...
நீ மட்டும் ஏன் முழிச்சிருக்க ராரிராரோ...”

இரண்டாவது வரியிலேயே குரல் எங்கேயோ போய்விட்டது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தமிழினியின் காது சூடானது. ஆனாலும் முடிக்காமல் இறங்கவில்லை.

சுதர்சனா அம்மாள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“இதுல பாதி நீலாம்பரி ராகம். தூங்க வைக்கிற ராகம். மீதிப் பாதி தமிழினி. அந்த ராகத்தை நான் இன்னும் அகராதியில சேக்கல.”

ஹாலே சிரித்தது. தமிழினியும் சிரித்தாள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கலைமதி. அன்றைக்கும் அவருக்கு இரவு வேலை. போகிற வழியில் நர்ஸ் உடுப்போடு எட்டிப் பார்க்க வந்தவர்.

“அது அப்டி இல்ல தமிழு!” என்றார். தன் பாட்டு படும் பாட்டை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நின்ற இடத்திலேயே, மைக் இல்லாமல், அந்தத் தாலாட்டைத் தொடக்கத்திலிருந்து பாடினார். ஹால் அமைதியாகிவிட்டது. மடியில் இருந்த குழந்தைகள் இரண்டு நிஜமாகவே தூங்கிவிட்டன.

“இப்ப முழுசும் நீலாம்பரி” என்றார் சுதர்சனா அம்மாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மளிகைக்கடை சந்தனா அக்கா அவர்கள் வீட்டில் பாடும் சமணத் தீர்த்தங்கரர் துதி ஒன்றைப் பாடினார். மைக் செட் போட்ட ஆனந்தராஜ் நடவுப் பாட்டு பாடினார். ஒவ்வொரு பாட்டுக்கும் சுதர்சனா அம்மாள், இது இந்த ராகத்துக்கு உறவு, இதே மெட்டு தஞ்சாவூர்ப் பக்கம் இப்படி வளையும், ஆந்திரப் பக்கம் அப்படி வளையும் என்று சொன்னார். தங்கள் வீட்டுப் பாட்டுக்கு இத்தனை ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று ஜனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். செருப்பைத் தேடியவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் தாண்டவராயன் தொண்டையைக் கனைத்தார்.

“எங்க ஊரு பனமலை. எங்க நைனா ஏத்தம் எறைக்கும்போது ஒண்ணு பாடுவாரு. எனக்குச் சரியா வருமான்னு தெரியல” என்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘சத்தம் போடாதே’ என்பதைத் தவிர வேறு எதையும் அவர் வாயால் ராகமாக அவர்கள் கேட்டதில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

“கெணத்துத் தண்ணி மேல வா...
கேவுருப் பயிரு காயுது வா...
பாத்தி எல்லாம் பாத்திருக்குது,
பைய ஏறி மெல்ல வா...”

அவருடைய குரல் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கியது. பிறகு கனத்தோடு மேலே ஏறியது. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தார். எல்லாரும் சுதர்சனா அம்மாளைப் பார்த்தார்கள்.

அவர் விரலால் நாற்காலிக் கையில் ஏதோ தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். மறுபடியும் தட்டினார்.

“இன்னா ராகம் மேடம்?” என்று கேட்டாள் தமிழினி.

“தெரியலையே!” என்றார் சுதர்சனா அம்மாள். சொல்லும்போது அவர் முகம், திருவிழாவில் பலூனைப் பார்த்த குழந்தையின் முகம் போல இருந்தது. “இது எனக்குத் தெரியவே தெரியாது! சார், இன்னொரு தரம் பாடுங்க. பனமலையில இன்னும் யாருக்கெல்லாம் இது தெரியும்?”

அந்த நேரம் பார்த்துக் கார் ஓட்டுநர் மேடையோரம் வந்து நின்றார். “அம்மா, வண்டிய எடுக்கட்டுங்களா? சென்னை போய்ச் சேர லேட் ஆயிடும்.”

சுதர்சனா அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். அவருடைய கண்களை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

“நீங்க சாப்பிட்டுட்டு நல்லாத் தூங்குங்கப்பா” என்றார். “நாளைக்குக் காலைல பனமலை போறோம்.”